வெள்ளவத்தை அன்னம் அன்ரி லைனில் இருக்கிறார்

எனக்கு ரேடியோ பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதப்போவது ரேடியோவிலேயே குடியிருந்த ஒருவரைப் பற்றி.

கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் நாள் முழுக்கத் தட்டச்சு அடித்துவிட்டு, பஸ்ஸில் நெரிபட்டு, வழியில் சோதனைச்சாவடியில் இறங்கிக் கைப்பையைத் திறந்து காட்டி, வெள்ளவத்தைக்கு வந்து சேரும் ஒருத்திக்கு வேண்டியது கொஞ்சம் அமைதி. எங்கள் ஒழுங்கையில் அது கிடையாது. ஆறு மணியானால் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே எஃப்எம் ஒரே குரலில் கத்தத் தொடங்கும். அறிவிப்பாளன் மாத்தளைப் பொடியன் என்று கேள்வி. சென்னையைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டான். ஆனால் வாயைத் திறந்தால் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று அந்த ஊர் இழுவை. நேயர்கள் போன் எடுத்துத் தங்கள் வீட்டில் என்ன சமையல் என்று சொல்வார்கள். அவன் "வாவ்" என்பான். புட்டுக்கும் வாவ், பருப்புக் கறிக்கும் வாவ். ஒருநாள் ஒரு பெண் வயிற்றுவலி என்று கஞ்சி குடித்ததாகச் சொன்னாள். அதற்கும் வாவ்.

எட்டரைக்கு இந்தியச் சனலில் நாடகம். அதில் ஒரு பெண் மூன்று வருடமாக அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கணவன் ஞாபகம் இழந்தான், ஞாபகம் வந்து வீடு திரும்பினான், திரும்பவும் இழந்தான். நாங்கள் ஒழுங்கை முகப்பில் நின்று நேற்று யாரை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம் என்று குசுகுசுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அவளுக்காக மூக்கைச் சிந்துவோம். 2007ஆம் ஆண்டு அது. பக்கத்து வீட்டுக்காக அழுதால் ஏன் அழுகிறாய் என்று யாராவது கேட்பார்கள். நாடகத்துக்காக அழுதால் கேட்கமாட்டார்கள். நானும்தான் அழுதேன்.

வீட்டுக்கார ஹமீட் நானாவின் வளவில் முன்வீட்டில் அவர் குடும்பம். பின்பக்கம் ஒரு மாடிக்கட்டு. மேலே நான், கீழே அன்னபாக்கியம் அக்கா. அறுபது தாண்டியவர். நெல்லியடிப் பக்கம். இருபது வயதில் கொழும்புக்கு வந்து, கோட்டையில் ஒரு தேயிலைக் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டராகச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை அதே சுவிட்ச்போர்டுக்கு முன்னால் இருந்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாரோடும் அகதி முகாமில் கிடந்து, கப்பலேறி ஊருக்குப் போய், சில மாதத்தில் திரும்பி வந்து அதே கதிரையில் உட்கார்ந்தவர். கணவர் நவரத்தினம் நடுவயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. சொந்தம் என்று மிஞ்சியது கிளிநொச்சியில் இருந்த ஒரு தம்பி குடும்பம் மட்டும்.

முப்பது வருடத்துக்கு மேலாக அவர் குரலைக் கேட்ட துரைமார் எல்லாரும் வேறு யாரோடோ கதைக்கத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம் பொறுங்கோ, குடுக்கிறன்" என்பதுதான் அவர் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வசனம். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் சும்மா ரேடியோவுக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் இருந்தவன் இவரோடேயே கதைத்தான். என்ன சாப்பிட்டீர்கள், கால்வலி எப்படி, நாடகத்தில் அந்தக் கணவனுக்கு ஞாபகம் திரும்புமா என்று கேட்டான். அவ்வளவுதான், அக்கா விழுந்துவிட்டார். வாரத்தில் நாலு நாளாவது அவர் குரல் வரும். "வெள்ளவத்தை அன்னம் அன்ரி லைன்ல இருக்காங்க" என்று அவன் குழைவான். மீன்கடையில் பாரைமீன் வெட்டுகிறவன்கூட அவர் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து, ரேடியோ அன்ரியா என்று கேட்டு நல்ல நடுத்துண்டாகப் பார்த்துக் கொடுப்பான்.

ரேடியோவில் பெயர் சொல்வது எங்கள் சனத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. ஒரு பிள்ளையின் பிறந்தநாள் வாழ்த்து என்றால் அப்பம்மா, அம்மம்மா, சுவிஸ் சித்தப்பா, நோர்வே மாமா, அவருடைய பிள்ளைகள் என்று ஊர்ப்பெயரோடு வரிசையாக வரவேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்த மாமா அடுத்த கலியாண வீட்டில் முகம் கொடுக்கமாட்டார். என் தங்கச்சி மகளின் வாழ்த்தில் என் பெயரை விட்டுவிட்டார்கள் என்று, ரேடியோ பிடிக்காத நானே அவளோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

பாட்டுப் போடுவதற்கு முன்னால் அறிவிப்பாளன் எல்லாரிடமும் இந்தப் பாட்டு யார் யாருக்கு என்று கேட்பான். மற்றவர்கள் மூச்சு விடாமல் இருபது பெயர் சொல்வார்கள். அன்னம் அக்கா தனக்கும், மேல்வீட்டுப் பத்மாவுக்கும், வீட்டுக்கார ஹமீட் நானா குடும்பத்துக்கும் என்பார். அதோடு முடிந்துவிடும். அவன் சிரித்துக்கொண்டே இவ்வளவுதானா என்பான். அக்காவும் சிரிப்பார். மேலே படுத்திருக்கும் எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கத் தாங்காது.

அந்த வருடம் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் நிரூபன் வந்தான். கிளிநொச்சித் தம்பியின் மகன். இருபத்து மூன்று வயது. வவுனியாவில் ஒரு வருடம் நின்றுவிட்டு, கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஒரு ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்புக்கு வந்தவன். நல்ல பிள்ளை. நடிகர்களைப் பார்த்து நெற்றியில் மயிரை விழவிட்டிருப்பான். வாசலுக்கு வெளியே கால் வைக்கமாட்டான். என் போனுக்கு நான் கேட்காமலே ஒரு பாட்டை மணியாக வைத்துவிட்டுத் தந்தான். கந்தோரில் சட்டத்தரணிக்கு முன்னால் அது பாடி என் மானம் போயிற்று. திட்டுவதற்கென்று இறங்கிப் போனேன். அவன் முற்றத்தில் குந்தியிருந்து மாமிக்கு மீன் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். திட்டாமல் திரும்பி வந்தேன்.

அவன் அடையாள அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி என்று இருந்தது. கொழும்பில் தமிழர் வீட்டில் ஒருவர் வந்து தங்கினால் பொலிசில் பதியவேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்து வைத்துத் தரவேண்டும், ஆளும் நேரே போகவேண்டும். புலிகளின் ஊர் என்று, கிளிநொச்சி அட்டையோடு போனால் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் எப்போது எழும்பலாம் என்று சொல்லமாட்டார்கள். பதியப்போன ஒரு பிள்ளை பூசா தடுப்பு முகாமுக்குப் போய்விட்ட கதையை அக்கா எங்கோ கேட்டுவிட்டார். ஏஜென்சிக்காரனோ இந்தா அடுத்த கிழமை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் ஒளித்து வைத்திருப்போம் என்று முடிவெடுத்து, ஆம்பிளைக் குரல் வெளியே கேட்காமல் இருக்க ரேடியோவை இன்னும் கூட்டி வைத்தார்.

நான் என் சட்டத்தரணியிடம் யாரோ ஒருவருடைய கதை மாதிரிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பயந்தாலும் பதிவதுதான் நல்லது, பதிந்த ஆளை இல்லையென்று சொல்வது கொஞ்சம் கஷ்டம் என்றார். எத்தனையோ தாய்மாரின் மனுக்களை அவருக்குத் தட்டச்சு அடித்துக் கொடுத்தவள் நான். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே கீழே போய் அக்காவிடம் சொன்னேன். நானும் வருகிறேன், ஹமீட் நானாவையும் கூட்டிக்கொண்டு போவோம், கொண்டுபோனால் கொண்டுபோன இடமாவது தெரியும் என்றேன். அக்கா யோசிப்போம் என்றார். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, கூடாது என்றார். புதன்கிழமை முழங்கால் வீங்கிவிட்டது என்றார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் ஒழுங்கை முழுக்க அக்காவின் குரல்.

"அன்னம் அன்ரி, இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?"

"இண்டைக்கு ஒடியல் கூழ் காய்ச்சினனான், தம்பி. நண்டு, றால், பயத்தங்காய் எல்லாம் போட்டு."

"வாவ். ஒரு ஆளுக்காக இவ்வளவு வேலையா அன்ரி?"

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தினமும் கேட்கிற கேள்விகளில் ஒன்று. ஆனால் அக்கா உடனே பதில் சொல்லவில்லை. ரேடியோவில் இரண்டு விநாடி மௌனம் என்றால் அது பெரிய மௌனம்.

"தனி ஆளில்லை, தம்பி. என்ர மருமகன் வந்து நிக்கிறார். தம்பியின்ர மகன். வெளிநாட்டுப் பயணத்துக்கெண்டு வந்தவர். இந்தப் பாட்டு அவருக்கு."

திருவலையை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தார். என் முகத்தைக் கண்டதும்தான் அவருக்கும் விளங்கியது. விளங்கியும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பேர் சொல்லேல்லைத்தானே, பத்மா."

பெயரா வேண்டும்? வெள்ளவத்தை, அன்னம், மேல்வீட்டில் பத்மா, வீட்டுக்காரர் ஹமீட் நானா என்று வருடக்கணக்காக விலாசம் சொல்லி வைத்திருக்கிறார் இந்த மனுசி. நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். நிரூபன் குசினி வாசலில் கூழ்க் கோப்பையோடு நின்றான். மாமியைப் பேசாதீர்கள் என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்ததை ரேடியோ தெரியாதவர்கள் நம்பமாட்டார்கள். எங்கள் நேயர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வீட்டில் நல்ல காரியம் என்றால் மற்ற நேயர்கள் பாட்டுக் கேட்டு வாழ்த்துவார்கள். அடுத்த நாள் ஹற்றனிலிருந்து ஒரு பெண் போன் எடுத்து அன்னம் அன்ரியின் மருமகனுக்குப் பயணம் நல்லபடி அமையவேண்டும் என்றாள். மட்டக்களப்பிலிருந்து ஒருவர் அவருக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்ததாகச் சொன்னார். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை அந்த அங்கிள் எந்த நாட்டுக்குப் போகிறார் என்று கேட்டது. அறிவிப்பாளன் எல்லாவற்றுக்கும் வாவ் என்றான். நாட்டின் நாலு பக்கத்திலிருந்தும் அன்பு கொட்டியது, ஒவ்வொரு வாழ்த்துக்கும் நான் இறங்கிப் போய்க் கேற்றுப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒளித்து வைத்த ஒரு பிள்ளைக்கு ஊர் கூடி மாலை போட்டால் எப்படியிருக்கும்.

ஹமீட் நானா பள்ளிவாசலால் வந்து என் படிக்கட்டில் நின்றார். கோபக்காரர் இல்லை. தாடியைத் தடவிக்கொண்டே, நம்மட வீட்டுக்காரி பஹ்மியாவும் கேட்டுட்டா மிஸ், ரோட்டுல எல்லாரும் கேட்டீக்கும், திங்கட்கிழமை நானே வாறன், பதிஞ்சிடுவம் என்றார். நான் சம்மதித்தேன். அக்காவும் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை காலை ராகுகாலம் முடிய, ஒன்பதரைக்குப் பிறகு கிளம்புவதென்று முடிவாகியது. அந்தச் சனிக்கிழமை எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நாங்கள் மூவருமே கீழே இருந்தோம். நாளைக்குப் போடுவதற்கென்று நிரூபனின் சேர்ட்டை நான் அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா பயத்தில் மூன்று நாளாகப் போனைத் தொடவில்லை, ஆனால் ரேடியோவை நிறுத்தவும் மனம் வரவில்லை. அறிவிப்பாளன் குறுஞ்செய்திகளை வாசித்துக்கொண்டு வந்தான். பொரளையிலிருந்து ஒரு நண்பர் அனுப்பியிருக்கிறார் என்றான். வெள்ளவத்தையில் அன்னம் அன்ரி வீட்டில் நிற்கும் நிரூபனுக்கு இந்தப் பாடல், பயணம் இனிதாக அமையட்டும் என்று வாசித்தான். பாட்டுத் தொடங்கியது.

பெயரை நாங்கள் யாரும் ரேடியோவில் சொன்னதில்லை. ஒழுங்கையிலும் சொன்னதில்லை. நிரூபன் தனக்குப் பொரளையில் ஒருவரையும் தெரியாது என்றான். அக்கா எழுந்து போய் ரேடியோவின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பக்கத்து வீடுகளிலிருந்து அந்தப் பாட்டு தொடர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது ஒரு காதல் பாட்டு. இன்றைக்கும் எந்தக் கடையிலாவது அது போனால் நான் சாமானை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

திங்கட்கிழமை ஒன்பதரைவரைக்கும் பொறுக்க அக்காவால் முடியவில்லை. பெயர் தெரிந்தவர்களுக்கு எல்லாம் தெரியும், பொலிசுக்குப் போனால் நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி என்று அவர் தலையில் ஏறிவிட்டது. விடிந்ததும் நான் குளிக்கப் போன நேரம், அவனிடம் ஒரு சின்னப் பையைக் கொடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பிவிட்டார். அங்கே அவரோடு கம்பனியில் வேலைசெய்த றோஸி இருந்தார். தேவாலயத்துக்குப் பின்னால் வீடு, ஒருவரும் தேடமாட்டார்கள் என்று நினைத்தார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அயன் பண்ணிய சேர்ட் கதிரையில் தொங்கியது.

நிரூபன் றோஸியின் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. காலி வீதியில் பழக்கடை போடுகிறவர் அவன் பஸ் ஏறியதைக் கண்டார். அதற்கு மேல் கண்டவர்கள் இல்லை. போன் முதலில் அடித்தது, எடுக்கவில்லை. பின்னேரம் சுவிட்ச் ஓஃப் என்றது. றோஸி தேவாலய வாசலிலேயே இருட்டும்வரை நின்றிருக்கிறார்.

ஒன்பதரைக்குப் பதியப் போகவேண்டிய பொலிஸ் நிலையத்துக்கு அடுத்த நாள் காணவில்லை என்று சொல்லப் போனோம். மேசையில் இருந்த சார்ஜன்ட் நரைத்த மனிதர். ஏன் பதியவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். பதியாத ஆள் கொழும்பில் இருந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்பு வந்தது, மிகக் கேவலமான சிரிப்பு. அத்தாட்சியா? நாடே கேட்டதே ஐயா, ஹற்றனைக் கேளுங்கள், மட்டக்களப்பைக் கேளுங்கள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. முறைப்பாட்டை எழுதிக்கொண்டு எங்களை அனுப்பினார். செஞ்சிலுவைக்குப் போனோம், மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போனோம். என் சட்டத்தரணிக்கு இந்த முறை யாரோ ஒருவருடைய கதையாகச் சொல்லவில்லை. அக்காவின் மனுவை நானே தட்டச்சு அடித்தேன். ஏஜென்சிக்காரன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

அக்கா ரேடியோவுக்குப் போன் எடுக்கவில்லை. ஆனால் ரேடியோ அவரை விடவில்லை. அன்னம் அன்ரியைக் காணவில்லையே, மருமகனோடு சேர்ந்து பறந்துவிட்டாரோ என்று அறிவிப்பாளன் பகிடி விட்டான். ஒரு நேயர் அவரைத் தேடி ஒரு பாட்டுக் கேட்டார். நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சாத்திய ஜன்னலைக் கண்டிருக்கவேண்டும், அவரும் சத்தத்தைக் குறைத்தார். பிறகு ஒவ்வொரு வீடாகக் குறைத்தது. நான் இத்தனை வருடம் ஆசைப்பட்ட அமைதி அப்படித்தான் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. அதில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, பையில் நாலு அப்பிளோடு ஒரு பொடியன் கேற்றைத் தட்டினான். மெலிந்தவன், நிரூபனின் வயது. மரக்கறிக் கடையில் ரேடியோ அன்ரி வீடு எது என்று கேட்டானாம், உடனே காட்டிவிட்டார்களாம். வந்து உட்கார்ந்ததும் வாய் ஓயாமல் சொல்லத் தொடங்கினான். பெயர் தயாபரன். வவுனியாவில் நிரூபனோடு ஒரே அறையில் இருந்தவன். நிரூபன் கொழும்புக்கு வந்த பிறகு இவன் போன் தொலைந்து தொடர்பு விட்டுப்போய்விட்டது. இவனும் வந்து பொரளையில் ஒரு அறை எடுத்து நிற்கிறான். வெள்ளவத்தையில் தன் மாமி ரேடியோவில் கதைப்பவர் என்று நிரூபன் அறையில் எப்போதும் பெருமையடிப்பானாம். மருமகன் வந்து நிற்கிறார் என்று அன்ரியின் குரலைக் கேட்டதும் இவனுக்கு விளங்கிவிட்டதாம்.

"பகிடிக்கு என்ர பேரைப் போடாமல் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினனான், அன்ரி. ரேடியோவில வாசிச்சவங்களோ? அவன் கேட்டவனோ?"

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. உன் பகிடிதானடா அவனைத் துரத்தியது என்று கத்த வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் அறுபது வயது இல்லை.

"கேட்டவன், தம்பி. நல்ல சந்தோசம் அவனுக்கு."

"எங்க அவன்?"

"போயிட்டான். போன மாதமே பிளைட் ஏறிட்டான்."

தயாபரன் தொடையில் தட்டிச் சிரித்தான். சொல்லாமல் போய்விட்டான், கள்ளன் என்றான். கனடாவில் குளிர் எப்படியாம் என்று கேட்டான். அக்கா குளிர்தான் என்றார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், அப்பிளில் ஒன்றை வெட்டி அவனுக்கே கொடுத்தார். நான் எழுந்து குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பொய் இவ்வளவு அமைதியாகச் சொல்லப்பட்டதை நான் எந்த நீதிமன்றத்திலும் கண்டதில்லை.

நான் திரும்பி வந்தபோது அக்கா அவனிடம் பதிந்துவிட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவன் தலையைக் குனிந்தான். அறைக்காரர் கையெழுத்துத் தரமாட்டேன் என்கிறார், தனக்கும் போகப் பயமாகக் கிடக்கு, அடையாள அட்டையில் முல்லைத்தீவு என்று இருக்கிறது என்றான். அக்கா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். அன்றைக்கு என்ன கிழமை, ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று அவர் கலண்டரைப் பார்க்கவில்லை.

ஹமீட் நானாவிடம் போய், இந்தப் பிள்ளை இனி எங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறது, கையெழுத்து வையுங்கள் என்றார். நானா அக்காவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். நானும் கூட வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். அக்கா மறித்து, உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, நானும் பத்மாவும் போய்க்கொள்கிறோம் என்றார்.

பொலிஸ் நிலையத்தில் அதே மேசை, அதே நரைத்த சார்ஜன்ட். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முல்லைத்தீவு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, இவர் உங்களுக்கு என்ன முறை என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா கம்பனிச் சிங்களத்தில், மருமகன் என்றார்.

அவர் கண்ணாடிக்கு மேலால் நிமிர்ந்து பார்த்தார். போன மாதம் வந்து மருமகனைக் காணவில்லை என்று அழுதது நீங்கள்தானே என்று கேட்டார். அது யார், இது யார் என்றார்.

அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அது மூத்தவன் ஐயா, இவன் இளையவன் என்றார்.

தயாபரனுக்குச் சிங்களம் விளங்கும் என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. பொரளையில் மாதக்கணக்காக இருந்தவன். அவன் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுத்துவிட்டேன். அவன் கால் பின்னுக்குப் போயிற்று. ஓடியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அக்கா அவன் முழங்கையைப் பிடித்து மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

சார்ஜன்ட் அட்டையின் இலக்கத்தை எழுதிக்கொண்டு, பதிவேட்டைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்தை வையும், தம்பி. பேரை வடிவா, முழுசா எழுதும்" என்றார் அக்கா.